காற்றாலை ஜெனரேட்டரின் இரும்பு இழப்பைக் கணக்கிடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஜெனரேட்டர் வடிவமைப்பில் தாமிர இழப்பைக் கண்டுபிடிக்க ஓம் விதி போதும். இரும்பு இழப்பு, அதாவது மாறும் காந்தப் பாயத்தால் ஸ்டேட்டரின் எஃகுத் தகடுகளில் வெப்பமாக வீணாகும் திறன், அப்படிப்பட்டதல்ல. பாடப்புத்தகம் ஒரு வரியில் சூத்திரம் தரும், மென்பொருள் அழகான வண்ணப்படம் தரும். சூத்திரத்தில் எந்த எண்ணைப் போடுவது, படத்தில் வரும் எண்ணை எவ்வளவு நம்புவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் திக்கித் திணறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். எம்.இ. திட்டப்பணி செய்பவர்களுக்கும், வடிவமைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் உதவும். ஸ்டேட்டர், ரோட்டார், ஸ்லாட், யோக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் உங்கள் அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது இது. காற்றாலை ஜெனரேட்டர் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இயந்திரங்கள் இருக்கின்றன. முப்பந்தல் பக்கம் இன்னும் ஓடும் பழைய ஆலைகளில் பல கியர்பாக்ஸும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரும் கொண்டவை. அவற்றின் ஸ்டேட்டர் நேராக 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் இருக்கிறது. தகட்டின் டேட்டாஷீட்டும் 50 ஹெர்ட்ஸில்தான் அளந்து தரப்படுகிறது என்பதால், அங்கே பெரிய சிக்கல் இல்லை.

கியர்பாக்ஸ் இல்லாத, நிலைக்காந்தம் வைத்த ஜெனரேட்டர் வேறு கதை. சர்வதேச எரிசக்தி முகமையின் காற்றாலைக் குழு 2020-இல் வெளியிட்ட 15 மெகாவாட் மாதிரி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடிவமைப்பு விவரங்கள் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருப்பதால் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. முழுத்திறனில் நிமிடத்துக்கு 7.56 சுற்று, 200 துருவம், 240 ஸ்லாட். 100 துருவ ஜோடி என்பதால் அதிர்வெண் 12.6 ஹெர்ட்ஸ். குறைந்தபட்ச வேகமான 5 சுற்றில் 8.3 ஹெர்ட்ஸ்தான். டேட்டாஷீட்டில் இந்த அதிர்வெண்ணுக்கு எண்ணே இருக்காது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியதுதான்.

2. சேகரிக்க வேண்டிய காகிதங்கள்

தகட்டுத் தயாரிப்பாளரின் முழு டேட்டாஷீட் வேண்டும். முகப்புப் பக்கத்தில் உள்ள ஒற்றை எண் போதாது. 50, 100, 200, 400 ஹெர்ட்ஸ் ஒவ்வொன்றிலும் காந்தப் பாய அடர்த்திக்கு எதிரான இழப்பு அட்டவணை, காந்தமாக்கல் வளைகோடு, மின்தடைத்திறன், அடர்த்தி, தடிமன் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். கல்லூரி முகவரியிலிருந்து கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், ஆனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே வேலையின் முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

எம்400-50ஏ என்ற ஐரோப்பியப் பெயரைப் படிக்கும் முறை: 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு 4.00 வாட்டுக்கு மேல் போகாது, தடிமன் 0.50 மி.மீ. கவனியுங்கள், இது உச்சவரம்பு. கையில் வரும் தகட்டின் இழப்பு பொதுவாக இதைவிடக் குறைவாகவே இருக்கும். டேட்டாஷீட்டில் சாதாரண மதிப்பு, உத்தரவாத மதிப்பு என்று இரண்டு இருக்கும். எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அமெரிக்கப் பெயர்களில் இன்னொரு பொறி உண்டு. எம்-19 போன்ற தரங்களின் இழப்பு 60 ஹெர்ட்ஸில், பவுண்டுக்கு இத்தனை வாட் என்று கொடுக்கப்பட்டிருக்கும். கிலோவுக்கு மாற்ற 2.205-ஆல் பெருக்க வேண்டும், அதிர்வெண்ணும் வேறு. ஐரோப்பியத் தகட்டின் காந்தமாக்கல் வளைகோட்டையும் அமெரிக்கத் தகட்டின் இழப்பு எண்ணையும் சேர்த்து ஒரே பொருளாக்கிய ஆய்வுக்கட்டுரைகளும் கண்ணில் படுகின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

தரநிலைகளில் ஐஇசி 60404-2 எப்ஸ்டைன் சோதனைக்கானது, அதாவது தகட்டுப் பட்டைகளைச் சதுரச் சட்டத்தில் அடுக்கி இழப்பை அளப்பதற்கானது. விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்தியத் தரநிலைகளான ஐஎஸ் 648, ஐஎஸ் 649 இரண்டையும் பிஐஎஸ் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முன்னது தகட்டுக்கான விவரக்குறிப்பு, பின்னது சோதனை முறை.

3. இழப்பைப் பிரித்தெடுங்கள்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கோணலாகும்.

இரும்பு இழப்பில் ஹிஸ்டெரிசிஸ் பகுதி (இரும்பின் காந்தத் திசையைத் திரும்பத் திரும்ப மாற்றுவதால் வருவது) அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் ஏறும். சுழல் மின்னோட்டப் பகுதி (மாறும் பாயம் தகட்டுக்குள் தூண்டும் மின்னோட்டத்தால் வருவது) அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். மூன்றாவதாக மிகைப் பகுதி ஒன்று உண்டு, அது அதிர்வெண்ணின் 1.5 அடுக்கோடு ஏறும். பெர்ட்டோட்டியின் மூன்றுறுப்புச் சூத்திரம் என்று கேள்விப்படுவது இதைத்தான்.

பிரிக்கும் வழி எளிது. ஒரே பாய அடர்த்தியில், வெவ்வேறு அதிர்வெண்ணில் உள்ள இழப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் அதன் அதிர்வெண்ணால் வகுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் ஹிஸ்டெரிசிஸ், சாய்வு சுழல் மின்னோட்டம்.

கணக்குக்காக ஒரு தகடு 1.5 டெஸ்லாவில் 50 ஹெர்ட்ஸுக்கு 3.2 வாட்/கிலோ, 100 ஹெர்ட்ஸுக்கு 8.0 வாட்/கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.064, 0.080. சாய்வு 0.00032, வெட்டுமிடம் 0.048. இப்போது 12.6 ஹெர்ட்ஸுக்குப் போனால் 12.6 × (0.048 + 0.00032 × 12.6), அதாவது சுமார் 0.66 வாட்/கிலோ. அதில் 92 சதவீதம் ஹிஸ்டெரிசிஸ். அதே தகட்டில் 50 ஹெர்ட்ஸில் ஹிஸ்டெரிசிஸ் பங்கு 75 சதவீதம்தான்.

பிரிக்காமல், "இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்" என்று 3.2-ஐ நேராக இறக்கியிருந்தால் 0.20 வாட்/கிலோ வந்திருக்கும். உண்மையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! 1.5 அடுக்கு என்று போட்டால் 0.40. இரண்டுமே நம்பும்படியான எண்கள்தான், அதனால்தான் பிழை கண்ணில் படாது.

பிரித்த பிறகு ஒரு சரிபார்ப்பு கட்டாயம். சுழல் மின்னோட்ட இழப்பைத் தகட்டின் பண்புகளிலிருந்தே நேராகக் கணக்கிடலாம்: பையின் வர்க்கம், கடத்துதிறன், தடிமனின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், உச்சப் பாய அடர்த்தியின் வர்க்கம் எல்லாவற்றையும் பெருக்கி, 6 × அடர்த்தியால் வகுக்க வேண்டும். தடிமன் 0.5 மி.மீ., மின்தடைத்திறன் 42 மைக்ரோஓம்-செ.மீ., அடர்த்தி 7700 என்று எடுத்தால் 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் 0.72 வாட்/கிலோ வரும். மேலே சாய்விலிருந்து கிடைத்தது 0.00032 × 2500 = 0.8. சற்றுக் கூடுதல், அந்த வித்தியாசம் மிகைப் பகுதியின் சாயல். சரி. சாய்விலிருந்து வந்தது 0.72-ஐ விடக் குறைவாக இருந்தால் உங்கள் தரவிலோ அலகிலோ எங்கோ கோளாறு என்று பொருள். நின்று தேடுங்கள்.

மூன்று உறுப்பையும் மென்பொருளிடம் கொடுத்துத் தானாகப் பொருத்தச் சொன்னால் சில நேரம் எதிர்க்குறியில் குணகம் வரும். இழப்பு எதிர்க்குறியில் இருக்க முடியாது. சுழல் மின்னோட்டக் குணகத்தை மேலே சொன்ன நேரடிச் சூத்திரத்தால் நிலையாக்கிவிட்டு, மீதி இரண்டை மட்டும் பொருத்துங்கள். ஹிஸ்டெரிசிஸ் குணகத்தையும் எல்லாப் பாய அடர்த்திக்கும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். 1.2 டெஸ்லாவுக்கு மேல் அது வேறு மாதிரி ஏறும். 0.5, 0.8, 1.0, 1.2, 1.4, 1.5, 1.6 என்று ஒவ்வொரு மட்டத்திலும் தனியாகப் பிரித்து அட்டவணையாக வைத்துக்கொண்டு, இடையில் இடைச்செருகிக்கொள்வதுதான் நிம்மதி.

4. வலைப் பின்னலும் சுற்றும் ரோட்டாரும்

பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபெம் என்ற இலவச மென்பொருள் இரு பரிமாணக் காந்தப்புலக் கணக்குக்குப் போதும். விண்டோஸில் ஓடும், லினக்ஸில் ஒயின் வழியாக ஓட்டலாம், பைத்தானிலோ ஆக்டேவிலோ இருந்து கட்டளை கொடுக்கலாம். வணிக மென்பொருள்களின் முழு உரிமம் லட்சக்கணக்கில் போகும். மாணவர் பதிப்பு இலவசமாகக் கிடைத்தாலும் வலையின், அதாவது வரைபடத்தைப் பிரிக்கும் சிறு முக்கோணங்களின், அளவுக்கு வரம்பு உண்டு.

முழு இயந்திரத்தையும் வரையத் தேவையில்லை. 240 ஸ்லாட், 200 துருவம் என்பதை 6 ஸ்லாட், 5 துருவம் வரை குறைக்கலாம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. துருவ எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் இரு ஓரங்களிலும் எதிர்க்குறி எல்லை நிபந்தனை போட வேண்டும். சாதாரண நிபந்தனையைப் போட்டாலும் கணக்கு ஓடும், படம் வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும். பாயக்கோடுகள் இரு ஓரத்திலும் எப்படி முடிகின்றன என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஃபெம்மில் காற்றிடைவெளிக்கென்றே ஒரு எல்லை நிபந்தனை இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வலையைத் திரும்பப் போடாமலே ரோட்டாரைச் சுற்றலாம். இது முக்கியம். ஒவ்வொரு படியிலும் வலை மாறினால் ஒரே முக்கோணத்தின் பாய அடர்த்தியைத் தொடர்ந்து பின்பற்ற முடியாது, அலைவடிவத்தில் போலி இரைச்சலும் சேரும். ஒரு மின்சுழற்சியை 60 படியாகப் பிரிப்பது நல்ல தொடக்கம். பிறகு 120 படியில் ஒருமுறை ஓட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

அடுத்த பொறி அடுக்குக் காரணி. தகடுகளுக்கு நடுவே காப்புப் பூச்சு இருப்பதால் அடுக்கில் 96 சதவீதம்தான் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் தரும் பாய அடர்த்தி அடுக்கின் சராசரி. இரும்புக்குள் இருப்பது அதை 0.96-ஆல் வகுத்தது. எடைக்கு கன அளவை 0.96-ஆல் பெருக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

சுமையில்லா நிலையை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். 12 ஸ்லாட்டுக்கு 10 துருவம் என்ற விகிதத்தில் சுற்றிய இயந்திரங்களில் சுமை மின்னோட்டம் பல்லின் நுனியை நன்றாகவே குழப்பும். சுமையில்லாமல், பாதிச் சுமை, முழுச் சுமை என்று மூன்றையாவது ஓட்டுங்கள்.

5. அலைவடிவத்திலிருந்து வாட்டுக்கு

ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பாய அடர்த்தியின் இரு கூறுகள், ஒரு சுழற்சி முழுவதும், உங்களிடம் இருக்கின்றன. இங்கே இரண்டு வகை இழப்பையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

சுழல் மின்னோட்டப் பகுதிக்குப் பாய அடர்த்தி மாறும் வேகத்தின் வர்க்கச் சராசரியை எடுங்கள். ஹார்மோனிக் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டினாலும் அதே விடை வரும். ஹிஸ்டெரிசிஸ் பகுதிக்கு அந்தக் கூட்டல் செல்லாது, அது நேரியல் அல்ல. உச்ச மதிப்பை எடுத்து ஒரு பெரிய வளையத்துக்கான இழப்பைப் போடுங்கள். அலைவடிவம் வழியில் ஏறி இறங்கினால் சிறு வளையங்களுக்குத் திருத்தம் சேருங்கள். அந்த ஏற்ற இறக்கங்களைக் கூட்டி, உச்ச மதிப்பால் வகுத்து, 0.6 முதல் 0.7 வரையுள்ள ஒரு எண்ணால் பெருக்கி, ஒன்றோடு கூட்டினால் கிடைப்பதுதான் திருத்தக் காரணி.

பல்லின் நடுவில் பாயம் முன்னும் பின்னும் மட்டும் போய்வரும். பல் யோக்கோடு சேரும் இடத்தில் அது சுழலும். சுழலும் பாயத்தில் இழப்பு நடுத்தர அடர்த்தியில் கணிசமாகக் கூடும், செறிவு நெருங்கும்போது ஹிஸ்டெரிசிஸ் பகுதி திரும்பக் குறையும். இரு கூறுகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவது முதல் கட்டத்துக்குப் போதுமான தோராயம். யோக் மெல்லியதாக இருக்கும் வடிவமைப்பில் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

ஜெனரேட்டரைக் கிரிட்டோடு இணைக்கும் கன்வெர்ட்டரின் சுவிட்சிங் அலைகளை இந்தச் சூத்திரத்தில் கொண்டுவந்து போடலாமா என்று கேட்பார்கள். 12.6 ஹெர்ட்ஸில் பாயம் தகட்டுக்குள் ஊடுருவும் ஆழம், ஒப்பு உட்புகுதிறனை 5000 என்று எடுத்தால், 1.3 மி.மீ. அரை மி.மீ. தகட்டுக்குப் பிரச்சினையே இல்லை. 1000 ஹெர்ட்ஸில் அது 0.15 மி.மீ.க்கு வந்துவிடும். அங்கே தகடு முழுக்கப் பாயம் சீராகப் பரவுகிறது என்ற அனுமானமே போய்விடுகிறது. முதல் சுற்றில் விட்டுவிடுங்கள், விட்டதை எழுதி வையுங்கள்.

காந்தத்துக்குள்ளும் ரோட்டாரின் கட்டி எஃகுக்குள்ளும் ஓடும் சுழல் மின்னோட்டம் வேறு. தகட்டுக்கான சூத்திரம் அங்கே பொருந்தாது. மேலே சொன்ன ஸ்லாட் விகிதத்தில் அது சிறியதும் அல்ல, அதற்கு நேரம் சார்ந்த தனிக் கணக்கு வேண்டும்.

6. உற்பத்திக் காரணி

எப்ஸ்டைன் சட்டத்தில் அளந்த தகடு பஞ்சிங்குக்குப் பிறகு அதே தகடு அல்ல. வெட்டிய ஓரத்திலிருந்து சில மி.மீ. உள்ளே வரை காந்தப் பண்பு கெட்டுவிடும். பல் மெலிதாக இருந்தால் பல் முழுவதுமே ஓரம்தான். வெல்டிங், போல்ட், உறைக்குள் இறுக்கிப் பொருத்தும்போது வரும் அழுத்தம் எல்லாம் கூடச் சேரும். இதற்காகக் கணக்கிட்ட இழப்பை 1.5 முதல் 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்குவது வழக்கம்.

இந்தக் காரணியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. மூன்றாம் தசம இடம் வரை கணக்கிட்டுவிட்டு, கடைசியில் 1.7-ஆல் பெருக்குவதா என்பார்கள். என் கருத்தில் அதை மறைப்பதுதான் தப்பு. பிரிப்பில் இருந்த கோளாறை இந்தக் காரணியை ஏற்றி இறக்கி மூடுவது அதைவிடத் தப்பு. காரணியைத் தனி வரியில் எழுதுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

7. ஒரு புள்ளியில் நிறுத்தாதீர்கள்

காற்றாலை வருடத்தில் பெரும்பாலான நேரம் முழுத்திறனில் ஓடுவதில்லை. கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

ஸ்டேட்டர் இரும்பு 50 டன், எல்லா இடத்திலும் 1.5 டெஸ்லா, காரணி 1.7 என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம். 12.6 ஹெர்ட்ஸில் இழப்பு 56 கிலோவாட் அளவுக்கு வரும். 15 மெகாவாட்டில் அது 0.4 சதவீதம்கூட இல்லை, யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இப்போது காற்று குறைந்து ஆலை 1.5 மெகாவாட்டுக்கு இறங்குகிறது, சுழற்சி 5 சுற்று. அதிர்வெண் 8.3 ஹெர்ட்ஸ், கிலோவுக்கு 0.42 வாட், மொத்தம் 36 கிலோவாட். வெளியே போகும் மின்சாரத்தில் 2.4 சதவீதம்! முழுச் சுமையில் தாமிர இழப்பு 450 கிலோவாட் என்று வைத்தால், இந்த நிலையில் திருப்புவிசை 15 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், தாமிர இழப்பு அதன் வர்க்கத்தில் விழுந்து 10 கிலோவாட்டுக்கு வந்திருக்கும். நிலைக்காந்தத்தின் பாயமோ காற்றைப் பார்த்துக் குறையாது.

ஆகவே குறைந்தபட்ச வேகத்திலிருந்து முழு வேகம் வரை நான்கைந்து புள்ளிகளில் இழப்பு அட்டவணை போடுங்கள். அதைக் காற்றுவேகப் பரவலோடு பெருக்கி ஆண்டு இழப்பை மெகாவாட் மணியில் சொல்லுங்கள். இடத்தின் தரவு இல்லையென்றால் ஐஇசி 61400-1 வகுப்புகளின் சராசரி வேகத்தை எடுக்கலாம்: முதல் வகுப்புக்கு 10, இரண்டாவதற்கு 8.5, மூன்றாவதற்கு 7.5 மீ/வி. கூரைமேல் வைக்கும் சிறு ஆலையாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். சுமையில்லா இரும்பு இழப்பே ஒரு தடைத் திருப்புவிசை, மெல்லிய காற்றில் ஆலை சுழலத் தொடங்குவதையே அது தள்ளிப்போடும்.

8. சோதனை: எப்போது, எங்கே, எவ்வளவு

கணக்கைச் சரிபார்க்க இரண்டு வழி. முதலாவது, தகட்டையே அளப்பது. எப்ஸ்டைன் சோதனைக்கு 30 மி.மீ. அகலம், 280 முதல் 320 மி.மீ. நீளம் உள்ள பட்டைகள் வேண்டும். எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பாதியை உருட்டிய திசையிலும் பாதியை அதற்குக் குறுக்காகவும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டிக்கொண்டு போனால் ஆய்வகத்தில் திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் அளந்து தருவார்கள், இரண்டாவதுதான் மோசம்.

விலைப்புள்ளி கேட்கும்போதே 50 ஹெர்ட்ஸோடு 10, 20 ஹெர்ட்ஸிலும் அளந்து தர முடியுமா என்று கேளுங்கள். தரநிலை 400 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வெண்களை அனுமதிக்கிறது, ஆனால் எல்லா ஆய்வகத்திலும் குறைந்த அதிர்வெண் மின்வழங்கி இருக்காது. கட்டணம் பெரும்பாலும் மாதிரிக்கு இவ்வளவு, அளவிடும் புள்ளிக்கு இவ்வளவு என்று இருக்கும். ஜிஎஸ்டி சேர்த்துத்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். கல்லூரிகளுக்குச் சலுகை உண்டா என்றும் கேட்கலாம், துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள். ஆய்வகங்களில் வரிசை இருக்கும், அறிக்கை கைக்கு வர ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் போனால் இன்னும் இழுக்கும்.

இரண்டாவது வழி, சில கிலோவாட் மாதிரி இயந்திரத்தைக் கட்டி, சுமையில்லாமல் வேறொரு மோட்டாரால் சுற்றி, உள்ளே போகும் திறனை அளப்பது. அதில் பேரிங் உராய்வும் காற்றுத் தடையும் கலந்திருக்கும். பிரிக்க வேண்டுமானால் காந்தம் பொருத்தாத இன்னொரு ரோட்டாரை அதே எடை, அதே வடிவத்தில் செய்து சுற்றிப் பார்க்க வேண்டும். ரோட்டாருக்கு ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே இரண்டாகக் கொடுத்துவிட்டால் செலவு கொஞ்சம்தான் கூடும், பிறகு தனியாகக் கேட்டால் பட்டறையில் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். அளந்த எண்ணில் காந்தத்தின் சுழல் மின்னோட்ட இழப்பும் சேர்ந்திருக்கும் என்பதால் உங்கள் ஸ்டேட்டர் கணக்கைவிட அது கொஞ்சம் கூடுதலாக வருவது இயல்பு.

பஞ்சிங் கடைக்குத் தகடு போகும்போது இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: அதே காயிலில் மிச்சமாகும் துண்டுகளை உருட்டிய திசையை மார்க்கர் பேனாவால் குறித்து, காயில் எண்ணையும் ஆலைச் சோதனைச் சான்றிதழின் நகலையும் கட்டி உங்களிடம் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அன்று மாலையே பழைய இரும்புக்குப் போய்விடும், எப்ஸ்டைன் பட்டை வெட்ட அதே காயில் திரும்பக் கிடைக்காது.